கடல் குளம் மாதிரி கெடக்கு

“கடலா? அது குளம் மாதிரி கெடக்குளா. ஒரு அசைவு இல்ல” என்று மனைவியிடம் போனில் சொன்னார் தோணித் தலைவரான தண்டல் கஸ்பார். சொல்லி வாயை மூடுவதற்குள் ஒரு முழு அலை தோணி மேல் ஏறி, அவர் தலையில் உட்கார்ந்துவிட்டு இறங்கிப் போனது.

“என்னங்க அது சத்தம்?” என்றாள் அமலோற்பவம், தூத்துக்குடியிலிருந்து.

கஸ்பார் வாயில் இருந்த கடலைத் துப்பினார். “மீராசா மீன் பொரிக்கான்.”

“இம்புட்டு சத்தமாவா?”

“பெரிய மீனு.”

மீராசா மீன் எதையும் பொரிக்கவில்லை. தோணியின் சமையல்காரரான அந்த மனிதர், தளத்தில் உருண்டோடும் சோற்றுப் பானையைத் துரத்திக்கொண்டு நாலு காலில் போய்க்கொண்டிருந்தார். தோணி ஒரு பக்கம் சாய்ந்தால் பானை அவரை விட்டு ஓடியது. மறுபக்கம் சாய்ந்தால் அவரைத் துரத்தியது. மேலே பெரிய பாய் நடுவில் கிழிந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கஸ்பார் ஒரு கையால் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்து, மறு கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய போனைக் காதோடு அழுத்தியிருந்தார்.

“சாப்டியளா?”

“ஆச்சு, ஆச்சு. நீ?”

“நானும் ஆச்சு. இங்கன ஒரு கொறையும் இல்ல. நம்ம உப்பளத்துல உப்பெல்லாம் வாரி அம்பாரம் போட்டு மூடியாச்சு. கை காலு சொகமா இருக்கேன். நீங்க பாத்து வாங்க.”

“அப்ப சரி, வச்சிருதேன். மீனு கருகுது.”

டீசல் என்பது பாடப்புத்தகத்தில் மட்டும் இருக்கும் பொருளாகிவிட்ட காலம் அது. கப்பல்கள் வெட்கத்தைவிட்டு மறுபடியும் பாய் கட்டிக்கொண்டன. கஸ்பாருடைய ‘மரியசெல்வி’ தோணி சான்சிபாரில் கிராம்பு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. காற்று மாறும், மேகம் மாறும், நீரோட்டம் மாறும். ஆனால் வீட்டுக்குப் பேசும்போது அந்த ஊர்க் கடலோடிகளுக்கு ஒரே வானிலைதான். பாய் கிழியட்டும், பல் உடையட்டும், வீட்டில் கேட்டால் சுகம். அவர்கள் வீட்டுப் பெண்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா என்ன? கூரை பறந்து பக்கத்துத் தெருவில் விழுந்திருக்கும். ‘நாங்க நல்லா இருக்கோம்’ என்றுதான் பதில் வரும். சொல்லிவிட்டால் மட்டும் அங்கே இருப்பவர்கள் என்ன செய்துவிட முடியும்? வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதானே!

ஆனாலும் இந்தப் பயணம் அக்கிரமம். அரபிக்கடலில் எவ்வளவு இடம் கிடக்கிறது! அத்தனையையும் விட்டுவிட்டு, விலாசம் விசாரித்து வந்த மாதிரி ஒவ்வொரு புயலும் மரியசெல்வியின் தலைக்கு மேல்தான் வந்து நின்றது. வயிற்றெரிச்சலைக் கிளப்ப இன்னொரு காட்சி வேறு. அவருடைய மச்சினன் தார்சிஸ், அமலோற்பவத்தின் தம்பி, பின்னால் சற்றுத் தள்ளி இன்னொரு தோணி ஓட்டிக்கொண்டு வந்தான். அவன் இருந்த இடத்தில் மட்டும் வெயில் பளீரென்று அடித்தது. அவன் கைலி உலர்த்திக்கொண்டிருந்ததைக் கஸ்பார் தொலைநோக்கியில் தன் கண்ணாலேயே பார்த்தார்.

இத்தனைக்கும் தார்சிஸ் மாதிரி அழுமூஞ்சி அந்தக் கரையில் பிறந்ததில்லை. தினமும் தாயாருக்குப் போன் போட்டு ஒப்பாரி. முதுகு வலி, தூக்கமில்லை, கொசுக்கடி. நடுக்கடலில் கொசு ஏது என்று அந்தத் தாயும் கேட்பதில்லை.

காற்று கொஞ்சம் மூச்சு விட்டதும் கஸ்பார் தளத்துக்குக் கீழே இறங்கினார். அங்கே உமையாள் வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். காரைக்குடிப் பெண், மேகமேய்ப்பு வாரியத்தில் அதிகாரி. தோணிகளில் உள்ள வாரியத்துக் கருவிகளைச் சோதிக்க வந்தவள். வந்த நாளிலிருந்து சோதித்தது அந்த வாளியைத்தான்.

“மேடம், ஒங்க வாரியம் மேகத்த மேய்க்குதுன்னு சொன்னாவ. எங்க மண்டை மேல மேய விட்டுட்டு நீங்க எங்க போனிய?”

“நான் எங்கயும் போகலண்ணே. இங்கனதான் கிடக்கேன்” என்றாள் பாவம் அவள்.

“எல்லாப் புயலும் ஏன் என்னையத் தேடி வருது? தார்சிசு பக்கம் ஒரு தூத்தல்கூட விழலையே?”

உமையாள் எழுந்து உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இதை வெளியில சொல்லக் கூடாது. ஆனா, இன்னொரு புயல் வந்தா நானே இருக்க மாட்டேன், அப்புறம் வேலை எதுக்கு? கேளுங்க. புயலை எங்களால அழிக்க முடியாதுண்ணே. தள்ளத்தான் முடியும். மேல பறக்குற கண்ணாடித் தட்டுங்க வெயிலை இங்க கொஞ்சம், அங்க கொஞ்சம் திருப்பும். சூடு மாறினாக் காத்து மாறும், காத்து மாறினா மேகம் நகரும். ஒருத்தர் தலையில இருந்து எடுத்தா இன்னொருத்தர் தலையிலதான் வைக்கணும்.”

“யாரு தலையில?”

“தாங்குறவங்க தலையில.”

“தாங்குவான்னு எப்பிடிக் கண்டுபிடிப்பிய?”

“மொதல்ல மனு வாங்கினாங்க. மனுவுல அழாதவங்க உண்டா? நாடே அழுதுச்சு. அப்புறம் நிபுணருங்க கூடி யோசிச்சாங்க. அரசாங்கத்துக்கிட்டப் பொய் சொல்றவன்கூட வீட்டுல உண்மையைத்தானே பேசுவான்? அதனால தட்டுங்களைத் திருப்புற மிஷின் வீட்டுப் பேச்சைக் கேக்கும். போன் வாங்குறப்ப நீங்க சம்மதிச்சுக் கைநாட்டு வச்சிருக்கீங்க. கஷ்டமா இருக்குன்னு வீட்டுல சொன்னா, புயலை விலக்கிவிடும். நல்லா இருக்கேன்னு சொன்னா…”

“சொன்னா?”

“இவர் தாங்குவாருன்னு எடுத்துக்கும்.”

பின்னால் நின்ற மீராசா கையிலிருந்து அகப்பை விழுந்தது. “கேட்டீரா தண்டலே! குளம் மாதிரி கெடக்கு, குளம் மாதிரி கெடக்குன்னு நீரு கொஞ்சக் கொஞ்ச, அது இடியும் மழையுமா அனுப்பியிருக்கு! என் பானை போச்சே!”

கஸ்பார் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “வீட்டுல மனுசன் உண்மை பேசுவான்னு சொன்ன அந்த நிபுணருக்குக் கல்யாணம் ஆயிட்டுதா மேடம்?”

“இன்னும் இல்லண்ணே.”

“நெனச்சேன்.”

மீராசாவுக்கு ஆறவில்லை. “நான் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் குறைதானே சொல்லுதேன்? அது ஏன் மிஷின் காதுல விழல?”

“வீட்டுக்குச் சொன்னீங்களாண்ணே?”

“வீட்டுக்கா? அதெப்படி? உம்மா பயந்துருவாளே!”

உமையாள் தன் திரையை நீட்டிக் காட்டினாள். தெற்கே இன்னொரு புயல் திரண்டுகொண்டிருந்தது, இதுவரை வந்ததெல்லாம் அதற்குத் தம்பி தங்கைகள். கிழிந்த பாயோடு அதைத் தாங்க முடியாது என்று கஸ்பாருக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. கிராம்பு போகட்டும், ஆட்களே மிஞ்ச மாட்டார்கள். தோணியின் தலைவர் பேச்சுக்குத்தான் மிஷினிடம் மதிப்பு என்பதால், அழ வேண்டியவர் அவர்தான்.

அழுவது அவ்வளவு சுலபமா? ஒத்திகை பார்த்தார்கள். மீராசா துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு அமலோற்பவமாக உட்கார்ந்தார்.

“எப்பிடி இருக்கிய?” என்றார் குரலை மெலிதாக்கி.

“நல்லா இருக்கேன்” என்றார் கஸ்பார்.

“தப்பு! மறுபடியும். எப்பிடி இருக்கிய?”

“பரவாயில்ல.”

“பரவாயில்லையாம்! அதுக்கு ரெண்டு மின்னலைச் சேத்து அனுப்பும். எங்கயாவது வலிக்குதுன்னு சொல்லும் வே!”

“லேசா… முழங்காலு…”

“லேசாவா! வெட்டிப் போட்ட மாதிரி வலிக்குதுன்னு சொல்லும்! இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எப்படித்தான் இம்புட்டு நாளும் பொய் சொன்னீரோ, உண்மை சொல்ல வர மாட்டேங்குதே!”

மாலையில் கஸ்பார் வீட்டுக்குப் போன் போட்டார். எப்படி இருக்கிய என்று அவள் கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“அமலி, நான் நல்லா இல்ல.”

 அவர் தடுக்கித் தடுக்கிச் சொல்லத் தொடங்கினார். பாய் கிழிந்தது, சோறு நனைந்தது, முழங்கால் மடக்க முடியவில்லை. ஒத்திகையில் இல்லாத ஒன்றும் அவரையறியாமல் வந்தது. “பயமா இருக்குளா” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் அவளிடம் சொன்னதில்லை. சொன்னதும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது, நெஞ்சு மட்டும் லேசாகிவிட்டது.

அமலோற்பவம் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிறுத்தி, உரக்கப் பேசினாள். “நான் இங்கன நல்லா இருக்கேன். ரொம்ப நல்லா இருக்கேன். எனக்கு ஒரு கொறையும் கெடையாது. எது வந்தாலும் தாங்குவேன்.”

ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் கஸ்பார்.

விடிந்தபோது வானம் கழுவிவிட்டது போல இருந்தது. தென்புறத்துக் கருமையைக் காணோம். தோணிக்காரர்கள் பாயைத் தைத்தார்கள், பாட்டுப் பாடினார்கள். உமையாள் முதல்முறையாக ஒரு இட்லி சாப்பிட்டு, அது உள்ளேயே இருந்துவிட்டதைப் பெருமையாக எல்லோரிடமும் சொன்னாள். மீராசா மட்டும் “என்ன வெயிலு இது, மண்டை பொளக்குது” என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

“அது சரி மேடம், அந்தப் புயலு எங்க போச்சு?” என்று கஸ்பார் கேட்டார்.

உமையாள் திரையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. “தாங்குறேன்னு யாரு சொன்னாங்களோ அங்கண்ணே. கெழக்கால போகுது. நாளைக்குத் தூத்துக்குடி உப்பளத்து மேல நிக்கும்.”

“எங்க உப்பளத்து மேலயா?” கஸ்பார் ஒரு கணம் திடுக்கிட்டுப் பிறகு சமாளித்துக்கொண்டார். “போனாப் போவுது. அம்பாரமெல்லாம் மூடியாச்சுன்னு சொன்னாளே.”

தார்சிஸ்தான் தினமும் தாயாருக்குப் பேசுகிறவன், அவன் மூலம் ஊருக்குத் தகவல் கொடுக்கலாம் என்று அவனை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மிஷின் கேட்கிற கதையையும் சேர்த்துத்தான் சொன்னார். அந்தப் பக்கம் தார்சிஸ் பதறினான்.

“மூடியாச்சா? யாரு மூடினா அத்தான்? அக்கா பாத்தியில வழுக்கி விழுந்து, கணுக்காலு பெசகி, கட்டுப் போட்டுல்லா கெடக்கா! வேலைக்கும் ஆளு வரல. இந்த வருசத்து உப்பு அம்புட்டும் தொறந்து கெடக்கு, ஒரு மழை பேஞ்சாக் கரைஞ்சு போகும். அம்மா சொன்னா. ஒங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கியிருக்கா. ஐயையோ, சொல்லிட்டேனே!”

கஸ்பார் அப்படியே கயிற்றுச் சுருளில் உட்கார்ந்துவிட்டார். மாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும் வெயிலில் நின்று வாரின உப்பு. அதில்தான் அவள் உயிரை வைத்திருந்தாள். அதன் மேல் அவரே புயலைத் தள்ளிவிட்டிருக்கிறார்.

“அத்தான்” என்றான் தார்சிஸ், குரல் இறங்கி. “அப்ப நான் அம்மாகிட்ட அழுததெல்லாம்…”

“அது எல்லாம் என் தலையிலதான் விடிஞ்சிருக்கு மாப்ள. விடு, நீ உண்மையத்தானே சொன்ன. அந்தக் கொசு ஒண்ணத் தவிர.”

 வயர்லெஸ் கொரகொரத்து அடங்கியது.

கஸ்பார் தோணியில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டார். “புயலைத் திரும்பக் கூப்பிடணும்னு நெனைக்கேன். பாய் இப்பத் தச்சாச்சு, கொஞ்சம் தாங்கும். ஆனா எம் பொண்டாட்டி உப்புக்காக ஒங்க உசிரைக் கேக்க எனக்கு வாயில்ல. வேண்டாம்னா வேண்டாம்.”

எல்லோரும் மீராசாவைப் பார்த்தார்கள். “என்னைய ஏன் பாக்குதிய? வெயிலு நல்லாவா இருக்கு? உப்பில்லாம நான் எதை வச்சு ஆக்குறது? காலு ஒடிஞ்ச பொம்பளை மேல புயலை ஏவிவிட்டுட்டு நான் எந்த மூஞ்சியோட கரை எறங்குறது? கூப்பிடும் தண்டலே, கூப்பிடும். பானையை மட்டும் நான் கட்டிப்போட்டுக்கிடுதேன்” என்றார் மீராசா.

 உமையாள் கழுவிக் கவிழ்த்திருந்த வாளியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

போன் போட்டார்.

“அமலி, நேத்து சொன்னதெல்லாம் சும்மா வெளையாட்டுக்கு. நான் நல்லா இருக்கேன். நீ ஒன் கஷ்டத்தைச் சொல்லு.”

“எனக்கு என்ன கஷ்டம்?”

“காலு?”

“எந்தக் காலு?”

“இருக்கிற ரெண்டுல ஒண்ணு.”

“ரெண்டும் நல்லா இருக்கு. டான்ஸ் ஆடிக்கிட்டு இருக்கேன்.”

கெஞ்சினார், அதட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. சொகம், சொகம் என்று அவள் சாதித்துக்கொண்டே இருந்தாள். திரையில் அந்தக் கருப்பு வட்டம் தூத்துக்குடியை நோக்கி ஊர்ந்துகொண்டே இருந்தது. வேறு வழியில்லை என்று கண்டதும், எந்தப் புருஷனும் சித்த சுவாதீனத்தோடு செய்யத் துணியாத காரியத்தைக் கஸ்பார் செய்தார்.

“ஒண்ணு சொல்லணும்ளா. மீராசா வைக்கிற மீன் கொழம்பு மாதிரி நீ ஒரு நாளாவது வச்சது உண்டா?”

என்னை ஏன்யா இழுக்கிறீர் என்று மீராசா இரண்டு கையையும் ஆட்டினார். தோணியே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு போன் வெடித்தது.

“என்ன சொன்னிய? கொழம்பா? நான் இங்கன காலு ஒடிஞ்சு, நொண்டி நொண்டித் தண்ணி குடிக்கேன், ஒங்களுக்கு மீன் கொழம்பு கேக்குதோ! உப்பு அம்புட்டும் தொறந்து கெடக்கு, தார்ப்பாய இழுக்க ஒரு நாதியில்ல! மூத்தவ பொறந்தப்ப எங்க இருந்திய? கடல்ல! எங்க அப்பா செத்தப்ப எங்க இருந்திய? கடல்ல! காத்து அடிச்சா எனக்குத் தூக்கம் இல்ல, காத்து அடிக்கலன்னாலும் தூக்கம் இல்ல! நல்லா இருக்கேனாம் நல்லா! நான் ஒரு நாளும் நல்லா இருந்தது கெடையாது, கேட்டியளா?”

கஸ்பார் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. இவ்வளவையும் இவள் எங்கே வைத்திருந்தாள்? ‘நீங்க பாத்து வாங்க’ என்று சொல்லிச் சொல்லி எத்தனை வருஷம் அடைத்து வைத்திருந்தாள்? உமையாள் அவர் தோளைத் தட்டித் திரையைக் காட்டினாள். கருப்பு வட்டம் நின்றிருந்தது.

“ரொம்பச் சந்தோசம்ளா” என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “நான் நல்லா இருக்கேன். இங்கன கடல் குளம் மாதிரி…”

“இருங்க” என்றாள் அமலோற்பவம். குரல் திடீரென்று சிறுத்துவிட்டது. “வேணும்னேதான் கெளறி விட்டியளா? அந்த மிஷினு கதை ஒங்களுக்கும் தெரியுமா?”

“ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“லூர்து அக்கா மருமவன் வாரியத்துலதான வேலை பாக்கான்? இங்கன கோயிலுக்கு வார பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். அதான் தெனமும் சொகம் சொகம்னு அடிச்சுச் சொன்னேன். ஒங்க தலைக்கு வாரது என் தலைக்கு வரட்டும்னு. புயலு ஒங்க பக்கத்துலயே பொறக்குது, நீங்க முந்திக்கிட்டிய. நேத்துதான் ஒரு வழியா இழுத்தேன்.”

கஸ்பார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் கத்தத் தொடங்கிவிட்டாள். “ஏ மிஷினு, கேட்டுக்கோ! இப்ப நான் சொன்னது அம்புட்டும் பொய்! நான் சொகமா இருக்கேன்!”

“அவ சொல்லுததக் கேக்காத! அவ காலு ஒடிஞ்சு கெடக்கா!”

“அவருக்கு முழங்காலு மடக்க முடியாது!”

“எனக்கு ஒரு வலியும் இல்ல, ஓடிக் காட்டவா?”

கல்யாண வீட்டில் இரண்டு பக்கத்துச் சம்பந்திகளும் கையைப் பிடித்து இழுக்க, எந்தப் பந்தியில் உட்காருவது என்று தெரியாமல் நிற்கிற விருந்தாளி போல, அந்தப் புயல் நடுக்கடலில் கிழக்கே கொஞ்சம், மேற்கே கொஞ்சம் என்று அல்லாடியது. கடைசியில் கஸ்பாருடைய போனில் சார்ஜ் தீர்ந்து, சண்டை பாதியில் நின்றது.

எல்லோரும் திரையைச் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சட்டென்று அந்த வட்டம் திரும்பியது. தூத்துக்குடிக்கும் போகவில்லை, மரியசெல்விக்கும் வரவில்லை. இவர்களை ஒதுக்கிவிட்டுப் பின்பக்கமாக, மேற்கே போய்விட்டது.

“வேற யாரோ தாங்குறேன்னு வீட்டுல சொல்லியிருக்காங்க” என்றாள் உமையாள்.

“யாரு மேடம்?”

“மிஷின் பேரு சொல்லாதுண்ணே.”

மரியசெல்வி நல்ல காற்றில் கரை சேர்ந்தது. அமலோற்பவம் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு துறைமுகத்துக்கே வந்துவிட்டாள். முதல் காரியமாக மீராசாவைத் தேடிப் பிடித்து, அந்த மீன் குழம்பில் அப்படி என்னதான் போடுகிறீர் என்று விசாரித்தாள். அவர் அல்லா மேல் ஆணையாக அது குழம்பே இல்லை என்று சத்தியம் செய்த பிறகுதான் புருஷனைப் பார்த்தாள். உப்பு ஒரு கல்கூட நனையவில்லை. இரண்டு பேரும் ஒரு கயிற்றுச் சுருளில் உட்கார்ந்து, அவர் முழங்காலைப் பற்றியும் அவள் கணுக்காலைப் பற்றியும் ஆசை தீரப் புலம்பிக்கொண்டார்கள். அவ்வளவு சந்தோஷமாக அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை.

தார்சிஸின் தோணி பிறகுதான் வந்தது. அது வந்த கோலத்தைப் பார்த்துத் துறைமுகமே எழுந்து நின்றது. பாய் என்று ஒன்று இல்லை. பாய்மரத்தில் பாதியைக் காணோம். போர்வையைக் கட்டி அதில் காற்றுப் பிடித்து வந்திருந்தார்கள். தார்சிஸ் சுக்கானில் நின்றுகொண்டிருந்தான். நெற்றியில் கட்டு, உதடு நீலம், உடம்பு வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

கஸ்பார் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார். “மாப்ள! எப்பிடிடே இருந்துச்சு?”

ஒப்பாரி ஆரம்பிக்கப் போகிறது என்று எல்லோரும் தயாராக நின்றார்கள். அவன் தாயார் ஏற்கெனவே முந்தானையை எடுத்துவிட்டாள். தார்சிஸ் அக்காவின் கால் கட்டை ஒருமுறை பார்த்தான். பல் தந்தியடிக்க வாயைத் திறந்தான்.

“கடலா? அது குளம் மாதிரி கெடந்துச்சு அத்தான்.”